வரி கேட்காத நாடும் எங்கள் சனிக்கிழமைப் பள்ளியும்

பிள்ளையள், போன வருசம் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் கை உயர்த்த, நான் மட்டும் என் கையை மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு எழும்பி நின்று கதைத்தேன். மண்டபம் சிரித்தது. காரில் வரும்போது மூத்தவள் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சின்னவன்தான், "அப்பா, நீங்கள் ஏன் எல்லாரையும்போல இருக்கேல்லை?" என்று கேட்டான். அன்றைக்கு நான் சொன்ன பதில் ஒரு பதிலே இல்லை. எனக்கு பஸ் ஓட்டிக்கொண்டு யோசிக்க வரும். நாலு பேருக்கு முன்னால் நின்று கோவையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். ஊரில் ஓ.எல். சோதனை வரைக்கும் படித்தவனுடைய எழுத்து. பிழை கண்டால் திருத்தி வாசியுங்கோ, ஆனால் கடைசிவரை வாசியுங்கோ.

என் பயம் என்னவென்று முதலே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளி பெற்றோரின் கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். இப்பவும் அந்தப் பயம்தான்.

நீங்கள் பிறக்க முந்தியே தொடங்கின பள்ளி அது. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் மாதச் சந்தா கட்டும். அதைவிட 'முறை' என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு சனியும் ஒரு வீட்டுக்காரரின் முறை. அவர்கள்தான் வந்து கதவைத் திறந்து, கதிரைகளைப் போட்டு, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்து, எல்லாரும் போனபிறகு தும்புத்தடியால் கூட்டி, கழிவறையையும் கழுவி, கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். முறை வந்தால் வீட்டில் சண்டையும் வரும். உங்கள் அம்மா முதல்நாளே ரோல்ஸ் சுற்றத் தொடங்கிவிடுவா. நான் ஆரிடமாவது கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டு வரவேண்டும்.

ஒருவருக்கும் முறை பிடிக்காது. ஆனால் முறைக்காரர்தான் அன்றைக்குப் பள்ளியில் ராசா. வாடகை ஏன் கூடினது, புதுப் புத்தகம் ஏன் இன்னும் வரவில்லை என்று தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்பார். நிர்வாகம் பதில் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த முறைக்கு அவர் வரமாட்டார், கழிவறை நாறும்.

போன வருசக் கூட்டத்தில்தான் முதலாளி அண்ணை எழும்பினார். எங்கள் நகரத்தில் கடைகளும் கலியாண மண்டபமும் வைத்திருக்கிறவர். நல்ல மனிசன், அதை நான் எந்த இடத்திலும் மறுக்கமாட்டேன். கஷ்டப்பட்டு வந்த எத்தனையோ பேருக்கு முதல் வேலை கொடுத்தவர். இனிப் பள்ளியின் முழுச் செலவும் தன்னுடையது என்றார். சந்தா வேண்டாம், முறை வேண்டாம், துப்பரவுக்கு ஆள் வைப்போம், சாப்பாடு தன்னுடைய கடையிலிருந்து வரும் என்றார். சனம் கை தட்டியது. உங்கள் அம்மா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினா. அடுத்த முறை எங்களுடையது.

பள்ளிச் சங்கத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனிமேல் உங்களிட்டை நாங்கள் ஒண்டும் கேக்கமாட்டம். சம்மதமெண்டால் கையை உயர்த்துங்கோ."

அந்த வசனத்தை நான் முந்தியும் ஒரு இடத்தில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் கை எழும்பவில்லை.

ஜேர்மனிக்கு வர முந்தி நான் எண்ணெய் எடுக்கிற ஒரு நாட்டில் பஸ் ஓட்டினது உங்களுக்குத் தெரியும். நாட்டின் பெயரை எழுதவில்லை. அங்கே என்னோடு சாப்பிட்ட மனிசர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நகரத்திலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, எண்ணெயைக் கப்பலில் ஏற்றுகிற துறைமுகத்துக்குப் போய் வருவது என் வேலை. போன புதிதில் எனக்கு எல்லாமே அதிசயம். குடிக்கிற தண்ணியைவிடப் பெற்றோல் மலிவு. பேக்கரியில் பாணின் விலை விலையே இல்லை. வெறும் வீட்டில்கூட லைற் எரியும். கரண்ட் காசு கட்டினவரை நான் காணவில்லை. வரி என்று சொன்னால் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

எங்கள் பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அந்த நாட்டுக்காரர். காலையில் வந்து கையெழுத்து வைத்து, என்னோடு ஒரு தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். சோம்பேறி என்று நினைக்காதேங்கோ. அவருக்குச் செய்ய வேலை இருக்கவில்லை. எண்ணெய்க் காசு கொட்டினபடியால் அரசாங்கம் எல்லாருக்கும் ஒரு மேசையும் சம்பளமும் கொடுத்தது. வேலை கொடுக்க மறந்துபோனது. அவருடைய தகப்பன் தக்காளித் தோட்டம் செய்தவராம். நான் அந்த நிலத்தைப் பார்த்தேன். கிணற்றுக்குள் மண். தக்காளி கப்பலில் வந்து இறங்கியது, மாவும் வெங்காயமும் முட்டையும்கூட அப்படித்தான். எண்ணெயைத் தவிர அந்த மண்ணிலிருந்து எதையும் எடுக்கிற பழக்கம் சனத்துக்கு விட்டுப்போய்விட்டது.

துறைமுக ரோட்டின் நடுவில் பள்ளம் விழுந்து ஒரு பெரிய கிடங்கு. என் பஸ் அதில் விழுந்துதான் அச்சு உடைந்தது. பயணம் பண்ணின ஆக்கள் வெய்யிலில் நிற்க, நான் மேற்பார்வையாளரிடம், இதை ஏன் நீங்கள் மேலிடத்தில் கேட்கக்கூடாது என்று கேட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அவருடைய பாசையில் சொன்னது என் மண்டைக்குள் எங்கள் தமிழில்தான் கிடக்கிறது:

"மேலிடத்தவை எங்களிட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. நாங்களும் அவையிட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. நல்ல ஒழுங்குதானே?"

எனக்கும் அது நல்ல ஒழுங்காகத்தான் தெரிந்தது. கிடங்கைச் சுற்றி ஓட்டப் பழகினேன்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. அந்த விலையை அந்த நாடு வைக்கிறதில்லை, பாருங்கோ. எங்கேயோ ஒரு ஊரில் ஆரோ குறைத்து வாங்குகிறார்கள். அந்த நாட்டில் பாண் சிறுக்கிறது. முதலில் சந்தியில் இருந்த நீர்த்தாரை நின்றது. பிறகு எங்கள் பஸ்ஸுக்கு ரயர் வரவில்லை. மாவுக் கப்பல் காசு கிடைக்காமல் இறக்கமாட்டேன் என்று கடலிலேயே நின்றது. நாங்கள் கரையிலிருந்து பார்த்தோம். பள்ளிக்கூட ரீச்சர்மாருக்குச் சம்பளம் பிந்தியது, பிறகு ஆஸ்பத்திரிக்கு. ராணுவத்துக்குத்தான் கடைசியாகப் பிந்தியது. பயம் இருக்கிற இடத்துக்குத்தானே முதலில் காசு போகும்.

நல்ல அரசாங்கம் என்றால் அந்த நேரத்தில் சனத்திடம் வந்து, எங்களுக்குக் கஷ்டம், நீங்களும் கொஞ்சம் தாருங்கோ, இப்படி இப்படிச் செலவழிப்போம் என்று சொல்லும். அதற்கு இவர்களால் ஏலவில்லை. வரி வாங்கத் தெரிந்த ஒரு அரசாங்கக் கந்தோர் அங்கே இருக்கவில்லை. வாயும் இருக்கவில்லை, அவ்வளவு காலமும் ஒன்றும் கேட்கமாட்டோம் என்று சொன்ன வாய் அது. சனத்துக்கும் கேட்கத் தெரியவில்லை. சங்கம் இல்லை, கூட்டம் இல்லை, சந்திக்குச் சந்தி நாட்டுத் தலைவரின் படம் மட்டும் இருந்தது. படத்திடம் என்னத்தைக் கேட்கிறது?

எண்ணெய்க் கிணறு இருக்கிற பக்கத்துச் சனம், இது எங்கள் காலுக்குக் கீழே இருந்து வருகிறது, இனி ஏன் தலைநகரத்துக்கு அனுப்பவேண்டும் என்று தொடங்கியது. தலைநகரம் ராணுவத்தை அனுப்பியது. ராணுவத்திலும் சம்பளம் கிடைத்தவர்கள் ஒரு பக்கம், கிடைக்காதவர்கள் மறுபக்கம். நூறு தொழில் உள்ள நாட்டில் ஒருவன் நூறு இடத்தையும் ஓடிப்போய்ப் பிடிக்க ஏலாது. அங்கே இருந்தது ஒரேயொரு குழாய். அதைப் பிடித்தவன்தான் அரசாங்கம். அதனால் எல்லாரும் அந்தக் குழாயைத்தான் பிடிக்க ஓடினார்கள், நாட்டை ஒருவரும் பிடிக்கவில்லை.

கடைசியில் நானும் அந்த நாட்டில் வரி கட்டினேன். துறைமுக ரோட்டில் துவக்கை நீட்டி மறித்த ஒரு பெடியனுக்கு. போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம். ரோட்டில் ஏன் இவ்வளவு பெரிய கிடங்கு என்று அவனிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மேற்பார்வையாளரைக் கடைசியாகப் பாண் வரிசையில் கண்டேன். நான் பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். மெலிந்துபோயிருந்தார். தன் பிள்ளையின் மருந்து எங்கேயும் இல்லை என்று சொன்னார். பிறகு, பிறநாட்டானான என்னிடம் கேட்டார்: "இதை எங்கை போய்க் கேக்கிறது எண்டு உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

மூத்தவள் இதை வாசித்துவிட்டு, எண்ணெய் உள்ள எல்லா நாடும் இப்படியா என்று கேட்பாள், அவளை எனக்குத் தெரியும். இல்லை. உங்கள் மாமி இருக்கிற நோர்வேயிலும் எண்ணெய் இருக்கிறது. மாமி போன் எடுத்தால் முதல் பத்து நிமிசமும் வரிக் கதைதான். தன் சம்பளத்தில் பாதியை விழுங்குகிறார்கள் என்று திட்டித் தீர்ப்பா. திட்டட்டும். எண்ணெய் வர முந்தியே அந்தச் சனம் வரி கட்டிப் பழகியது, கட்டினபடியால் கேட்டுப் பழகியது. எண்ணெய் வந்தபிறகும் இரண்டையும் விடவில்லை. மாமி திட்டுகிறா என்றால் அந்த நாடு நிற்கிறது என்று நான் நிம்மதியாக இருப்பேன்.

இனி அந்தக் கூட்டம். இதெல்லாம் தலைக்குள் ஓட, நான் எழும்பினேன். இங்கே வளர்ந்த இளம் பெற்றோருக்கும் விளங்கவேண்டும் என்று ஜேர்மன் பாசையில், டொச்சிலேயே தொடங்கினேன். நான் இருந்த நாட்டில் வரி இல்லை என்று சொல்ல நினைத்து, "டஸ் லாண்ட் ஹாட்ட கைன் ஷ்டொயர்" என்றேன்.

பின்வரிசைப் பெடியள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அது முன்னுக்கு வந்தது. "பஸ் அண்ணைக்கு எங்கை போனாலும் ஸ்ரியரிங் ஞாபகம்தான்" என்று ஒரு இளம் தகப்பன் சொல்ல, முதலாளி அண்ணைகூட வாயைப் பொத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்ல வந்த கதையை விட்டேன். ஆனால் உட்காரவும் மனம் வரவில்லை.

"சிரியுங்கோ," என்றேன். "நான் சந்தா கட்டுவன். என்ர முறைக்கு வருவன். வேண்டாம் எண்டாலும் வருவன்."

காரில், நான் வற்புறுத்திக் கேட்டபிறகு, மூத்தவள் விளக்கினாள். 'கைன ஷ்டொயர்' என்றால் வரி இல்லை. 'கைன் ஷ்டொயர்' என்றால் ஸ்ரியரிங் இல்லை. ஒரேயொரு எழுத்து. டொச்சில் வரி பெண்பால், ஸ்ரியரிங் அப்படியில்லை. எங்கள் பாசையில் மேசைக்கும் கதிரைக்கும் ஆண் பெண் இல்லாதபடியால், இந்த நாட்டில் நாங்கள் சாகும்வரை விடப்போகிற பிழை. நான் முழு மண்டபத்துக்கும் சொல்லியிருந்தது, அந்த நாட்டுக்கு ஸ்ரியரிங் இல்லை என்று. உங்கள் அம்மா கண்ணீர் வரச் சிரித்தா. "இஞ்சேருங்கோ, நாளைக்கு உங்கட பஸ்ஸுக்கு இருக்குதோ எண்டு பாத்திட்டு ஏறுங்கோ" என்றா.

அடுத்தநாள் மழை. நீள பஸ்ஸோடு மேட்டிலிருந்து, தலைக்குமேலே ஓடுகிற தொங்கு ரயிலின் நிலையத்தடிக்கு இறங்குகிறேன், ரோட்டெல்லாம் ஈர இலை. வளைவில் ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. அது பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருத்த மனம் வரவில்லை. ரோட்டு நேராக இருக்கும்வரைக்கும் ஸ்ரியரிங் இல்லாத பஸ்ஸும் ஓடும், உள்ளே இருக்கிற ஆக்கள் நித்திரைகூடக் கொள்ளலாம். எண்ணெய் விலை விழுந்த அன்றைக்குத்தான் அந்த நாட்டுக்கு வளைவு வந்தது. இனி ஆராவது அந்தப் பகிடியைச் சொன்னால், ஓம், அதைத்தான் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன்.

கட்டுகிறேன் என்றேன், கட்டினேன். பொருளாளர் போன் எடுத்து, "அண்ணை, சந்தா எண்டு இப்ப ஒண்டும் இல்லை, உங்கட காசை நான் எங்கை போடுறது?" என்று அழாக்குறையாகக் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் போடுங்கோ, எனக்குக் காசு வாங்கின துண்டு மட்டும் தாருங்கோ என்றேன். ஒருமுறை திருப்பி அனுப்பினார். நானும் திருப்பி அனுப்பினேன்.

முறைக்கும் போனேன். துப்பரவுக்கு வைத்த அக்கா என் கையில் தும்புத்தடியைக் கண்டுவிட்டு, தன் வேலையைப் பறிக்க வந்தவனோ என்று பயந்துபோனா. பிள்ளைகள் படிக்கிற பள்ளி, நானும் கொஞ்சம் செய்கிறேன் என்று விளங்கப்படுத்தினேன். அப்படியென்றால் கழிவறை உங்களுக்கு என்று உடனே சம்மதித்தா. சின்னவன் வகுப்புப் பெடியள் யன்னலால் பார்த்துச் சிரித்ததும், சின்னவன் கதவுக்குப் பின்னால் ஒளித்ததும் எனக்குத் தெரியாது என்று நினைக்காதேங்கோ. தெரியும். ஒளித்ததற்குக் கோபமில்லை. ஆனால் உனக்காக நான் நிறுத்தப்போவதும் இல்லை.

ஒரு வருசம் பள்ளி நன்றாகத்தான் நடந்தது. அதையும் சொல்லவேண்டும். சாப்பாடு ருசி, புத்தகம் நேரத்துக்கு வந்தது. சனம் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கடைக்குப் போனது. மண்டபத்துக்குள் ஆரும் வருவதில்லை. வந்து என்ன செய்வது?

போன மாதம் ஒரு செய்தி வந்தது. இனி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் மற்றப் பக்கத்துத் தொங்கலில் இருக்கிற முதலாளி அண்ணையின் மண்டபத்தில் என்று. சனிக்கிழமையில் அங்கே கலியாணங்கள். பிள்ளைகள் குறைவு என்பதால் பாலர் வகுப்பை நிறுத்துகிறார்களாம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தன்னுடைய மண்டபம் இருக்க ஏன் வாடகை என்று நினைத்திருப்பார். காசு போடுகிறவர் தன் வசதியைப் பார்ப்பார், நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

கார் தரிப்பிடத்தில் ஒவ்வொரு காராகப் புறுபுறுத்தது. பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் எப்படிப் போவது, பாலர் வகுப்பு இல்லாவிட்டால் பிறகு ஆர் மேல்வகுப்புக்கு வருவார்கள் என்று. போய்க் கேளுங்கோ என்று ஒரு தாயிடம் சொன்னேன். அவவின் கடைசிப் பிள்ளை பாலர் வகுப்பு. "காசு வாங்காமல் சும்மா படிப்பிக்கினம், எந்த வாயாலை கேக்கிறது?" என்றா. வெய்யிலும் மண்ணும் இல்லை, மழை தூறுகிற இந்த ஊரில் அதே கதை.

போன ஞாயிறு கூட்டத்தில் நீங்கள் இரண்டு பேரும் பின்வரிசையில் இருந்தீர்கள், கண்டேன். தலைவர் செய்தியை வாசித்து முடித்து, சரிதானே என்று கேட்டார். நான் எழும்பினேன். இந்தமுறை தமிழில்தான்.

"பாலர் வகுப்பை நிப்பாட்டிறதெண்டு ஆர் முடிவெடுத்தது?"

முதலாளி அண்ணை பெரிய மனது வைத்துச் செய்கிற உதவி, அதற்குள் நின்றுதான் பார்க்கவேண்டும் என்றார் தலைவர். பிறகு சிரித்துக்கொண்டு, "அண்ணை, உங்களிட்டை நாங்கள் ஒண்டும் கேக்கேல்லையே" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லை. ஆனா நான் தாறன். ஒரு மாசமும் விடேல்லை. அவரை நான் கேக்கேல்லை, அவரின்ரை காசு, அவரின்ரை விருப்பம். என்ர சந்தாவை வாங்கிற சங்கத்தைக் கேக்கிறன்."

பொருளாளர் நிலத்தைப் பார்த்தார். சிரிக்க ஆயத்தமாக இருந்த பின்வரிசையும் சிரிக்கவில்லை. நான் உட்காரவில்லை. பதில் வரும்வரை நிற்கிறேன், எனக்கு இன்றைக்கு வேலை இல்லை என்றேன். கடைசியில் முதலாளி அண்ணைதான், "அந்தாள் கட்டுறார்தானே, பதில் சொல்லுங்கோவன்" என்றார். அதைச் சொன்னதற்காக அவரை நான் மதிக்கிறேன். தலைவர் பக்கத்தில் இருந்தவரோடு குசுகுசுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு வைப்பதாகச் சொன்னார். அதுவரைக்கும் பாலர் வகுப்பு பழைய இடத்தில், சனிக்கிழமையே நடக்கும்.

அவ்வளவுதான் கிடைத்தது. வாக்கெடுப்பில் நாங்கள் தோற்கலாம். சனத்துக்குக் கழிவறை கழுவ விருப்பமில்லை, எனக்கும்தான் விருப்பமில்லை. கூட்டம் முடிய அந்தத் தாய் வந்து, தன் பெயரில் சந்தா எவ்வளவு, எப்படிக் கட்டுகிறது என்று மெதுவாகக் கேட்டா. வேறு ஒருவரும் கேட்கவில்லை. அவ ஒருத்தி போதும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். போதாது.

அதற்காக விடுவேன் என்று நினைக்காதேங்கோ. தோற்றாலும் கட்டுவேன், முதலாளி அண்ணையின் மண்டபத்துக்கே கொண்டுபோய்க் கட்டுவேன், எழும்பி நின்று கேட்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்தச் சனி ஆருடைய முறையும் இல்லை. முறை என்று ஒன்றே இப்ப இல்லை. நாங்கள் போறம். வெக்கமாக இருந்தால் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வாங்கோ, பரவாயில்லை. மூத்தவள் தேத்தண்ணி ஊத்தட்டும், சின்னவன் வாளியைத் தூக்கட்டும்.